கைக்கு மட்டும் சாயம்

பெரட்டுக்குப் பெரிய துரை நேரில் வருவது அபூர்வம். விடிகிற நேரத்தில் நாங்கள் வரிசையாக நின்று, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று கேட்டுக்கொண்டு கலைகிற இடம் அது. அதற்குக் கங்காணி போதும். துரை வந்தால் யாரையோ தோட்டத்தை விட்டு விரட்டப்போகிறார் என்று அர்த்தம். அதனால் அன்று அவருடைய கார் வந்து நின்றதும் அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். துரையோ இறங்கி வந்து சிரித்தார். அவர் சிரித்தது இன்னும் பயமாக இருந்தது.

விஷயம் வேறு. சீமையிலிருந்து சினிமாக்காரர்கள் வருகிறார்களாம். எங்கள் தோட்டத்தில் படம் பிடிக்கப்போகிறார்களாம். கதையே கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணைப் பற்றியதாம். துரை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கண்டாக்கு தமிழில் சொன்னார். தோட்ட வேலைகளை மேற்பார்க்கிற உத்தியோகத்தர் அவர். கொழும்புப் பக்கத்து ஆள். எங்களிடம் பேசும்போது நீ, வா, போ என்பதைத் தாண்டி அவர் வாயில் மரியாதை வந்து நான் கேட்டதில்லை.

"பொம்பள ஆளு எல்லாம் வேணும். நாள் முழுக்க நிக்கணும். எல்லாருக்கும் முழுப்பேர் போடச் சொல்லிட்டாரு தொர."

முழுப்பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து கொஞ்சம் குறைந்தாலே அரைப்பேர் போட்டு அனுப்புகிற தோட்டத்தில், சும்மா நிற்பதற்கு முழுப்பேர்! பெண்கள் பக்கத்தில் சலசலப்பு அடங்கவே இல்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் கழிந்திருந்தன. அதில் எங்களுக்கு வந்த பங்கு, நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்ற சட்டம் மட்டும்தான். நாங்கள் வரிசை அறைகளில் குடியிருந்த லயத்தில் பல பேருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்படிப்பட்ட எங்களைச் சீமைத் திரையில் காட்டப்போகிறார்கள் என்றால் தலைகால் புரியுமா? எனக்கும் புரியவில்லை. எனக்கு அப்போது பரிசம் போட்டிருந்தது. மாப்பிள்ளை பொகவந்தலாவையில் அப்பாவுடைய அக்காள் மகன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வருவார், தேத்தண்ணி குடிப்பார், நாலு வார்த்தை பேசுவதற்குள் வியர்த்துவிடும், போய்விடுவார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம்? என் முகத்தைப் படத்தில் பார்த்தால் அத்தான் அசந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு மலையேறினேன்.

படம் பிடிக்கிற நாளும் வந்தது. எங்கள் பெண்கள் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. படம் பிடிப்பது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஹட்டன் ஸ்டுடியோதான். அங்கே போகிறவர்கள் இருப்பதில் நல்லதைக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆகவே லயத்தில் இருந்த அத்தனை டிரங்குப் பெட்டிகளும் திறந்தன. கூறைச் சேலை, தீபாவளிச் சேலை, அடகுக்குப் போய்த் திரும்பிய பட்டு, எல்லாம் வெளியே வந்தன. தலை நிறைய டேலியாப் பூ. முகத்தில் பவுடர். நான் பரிசத்துக்கு அத்தை எடுத்துக் கொடுத்த ஊதாச் சேலையைக் கட்டியிருந்தேன். அந்தக் கோலத்தில், முதுகில் கூடையைப் போட்டுக்கொண்டு, பனி சொட்டுகிற தேயிலைக்குள் அறுபது எழுபது பெண்கள் போய் நின்றோம்.

டைரக்டர் என்கிற நெட்டை வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் மலையடிவாரத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. கண்டாக்கு ஓடிவந்தார்.

"என்னா இது, கல்யாண வீடா? போ, போ! எல்லாம் போய் மாத்திட்டு வா. வேலைக்கு வாற சேலையக் கட்டு. கிழிஞ்சது இருந்தா அதுதான் வேணும்."

அம்மாவுக்கு என்னைவிட வாய் நீளம். "ஏங்கய்யா, ஊரு ஒலகம் பூரா பாக்கப்போவுது, கிழிஞ்சதையா கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்க?" என்றாள்.

"சொன்னதச் செய். கிழிஞ்சதுதான் வேணுமாம்."

போய் மாற்றிக்கொண்டு வந்தோம். இடுப்பில் ஈரம் படாமல் சுற்றுகிற சாக்குப் படங்கு, மேலே பழைய சேலை. அதுவும் போதவில்லை. சினிமாக்காரர்களில் ஒருவன் வரிசையாக வந்து, யாருடைய சேலை சுத்தமாக இருந்ததோ அவர்கள் மேல் சேற்றைத் தொட்டு அப்பினான். சிரித்துக்கொண்டே அப்பினான், அன்பாகத்தான் அப்பினான். என் தோளிலும் வைத்தான். மாடாக உழைத்தாலும் துவைத்துக் கட்டுகிற ஜனம் நாங்கள். இப்படிக்கூட ஒருவர் மேல் அழுக்கைப் பூசுவார்களா என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் இன்னும் பெரிது. பெரிய குடையின் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் முகத்தில், கழுத்தில், கையில் எல்லாம் ஒருவன் எதையோ குழைத்துத் தடவிக்கொண்டிருந்தான். ஏதோ சொறி சிரங்குக்கு மருந்து போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். பாவம், எங்கள் ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று ஒருத்தி இரக்கப்பட்டாள். தடவத் தடவ அவள் மாநிறமானாள். பிறகு மூக்குத்தி ஒட்டினார்கள். சேலை சுற்றினார்கள், கொசுவம் தப்பாக இடது பக்கம் போனது. ஒரு கூடையை முதுகில் மாட்டினார்கள். அவள் எழுந்து நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. கொழுந்து எடுக்கிற அந்தத் தமிழ்ப் பெண் இவள்தான்.

கொழுந்து எடுக்கிற தமிழ்ப் பெண்கள் அறுபது எழுபது பேர் முன்னால் நிற்கிறோம். எங்களைத் தாண்டி, கடல் கடந்து ஒருத்தியைக் கொண்டுவந்து, எங்களைப் போல் ஆக்குகிறார்கள். அம்மா சும்மா இருப்பாளா?

"நாங்கதான் இத்தன பேரு நிக்கிறோமே, எதுக்குங்கய்யா அந்தம்மாவுக்குச் சாயம்?"

கண்டாக்கு அதை டைரக்டரிடம் கேட்கக்கூட இல்லை. தானே பதில் சொன்னார். "ஒன் மூஞ்சிய யாரு காசு குடுத்துப் பாப்பான்?"

சாயங்காலம் வீட்டில் இதே பேச்சு. அப்பாவுக்கு அதில் பெரிய கோபம் வரவில்லை. மாசி மாதம் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர் அவர்தான். விரதம் இருந்து, அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு அவர் அழுகிற இடத்தில் லயமே அழும்.

"வேசம் கட்டுறதுல என்னா இருக்கு? நான் பொம்பளையா ஆடலியா?" என்றார்.

"ஆடுனீங்க. நாங்க பொம்பளைங்க பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான இருந்தோம்? எங்கள ஒரு நாளு ஆட வுட்டீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அவரை வாயடைக்க வைத்ததில் அம்மாவுக்கு ஒரு சந்தோஷம். ஆனால் வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்த எனக்கு அவர்கள் சண்டையில் மனம் ஓடவில்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்கு நடந்ததை நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த நடிகை கொழுந்து எடுப்பதுபோல் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் மலையில் மத்தியானம் வரைக்கும் தேயிலையில் ஈரம் காயாது. அவள் கையை உள்ளே விட்டு எடுத்ததும் பூசிய சாயம் கரைந்து வழிந்தது. முகம் மாநிறம், கை சுண்ணாம்பு. மறுபடி பூசினார்கள். மறுபடி கரைந்தது. மூன்றாம் முறை அவளே சலித்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டைரக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கண்டாக்கிடம் என்னவோ சொன்னார். உடனே அம்மா மாதிரி மூத்தவர்களை அடுத்த மலைக்கு அனுப்பிவிட்டு, வயசுப் பெண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என்னிடம் வந்து நின்றார்கள். விரல் மெலிவாக, அவளுடைய அளவில் இருந்ததாம்.

சாயம் பூசுகிறவன் என் கையை அவள் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். தலையை ஆட்டினான். கண்டாக்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நீ ரொம்பக் கறுப்பாம். தமிழ்ப் பொம்பள கை இப்பிடி இருக்காதாம்."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் டப்பாவைத் திறந்து என் வலது கையில் முழங்கை வரைக்கும் பூசினான். ஈரத்தில் கரையாத வேறு சாயமாம் அது, பிசின்போல் ஒட்டியது. நடிகையின் பஞ்சுத் தோலுக்கு ஆகாது, என் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று கண்டாக்கு சொன்னார். தமிழ்ப் பெண்ணாக ஆவதற்கு வெள்ளைக்காரியைக் கறுப்பாக்கினார்கள். அவளுடைய தமிழ்க் கை ஆவதற்கு என்னை வெளுப்பாக்கினார்கள். என் கை என் தோளில்தான் இருந்தது, ஆனால் எனக்கு அது யாருடையதோபோல் இருந்தது. அந்த நடிகை மட்டும் என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள். உன் விரல் அழகாக இருக்கிறது என்றாளாம். அந்த நிலைமையிலும் எனக்கு அது பிடித்திருந்தது, அதுவும் உண்மை.

கேமராவை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். எடுத்தேன். அதோடு விடுவார்கள் என்று நினைத்தேன். கையைத் தேயிலை மேல் அப்படியே வை என்றார்கள். வைத்தேன். துரை வேஷம் போட்ட நடிகன் வந்தான். செம்பட்டை மயிர் அடர்ந்த பெரிய கை. அதை என் கை மேல் வைத்து விரல்களை இறுக்கிப் பிடித்தான்.

நான் இழுத்துக்கொண்டேன். கண்டாக்கு அதட்டினார். "கைய வை புள்ள! டாக்டரய்யா நாடி புடிச்சா இழுப்பியா?"

திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அவன் ஒரு தடவைகூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அந்த நடிகையோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தான். பிடித்தவனுக்கு அந்தக் கைக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதே தெரியவில்லை.

இரவாவதற்குள் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய் அம்மா என் கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். சாயம் லேசில் போகவில்லை. அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"தொட்டானா? கையப் புடிச்சானா? யாருகிட்டயும் மூச்சு வுடாத. ஒங்கப்பாகிட்டயும் சொல்லாத. ஒங்கத்தைக்குத் தெரிஞ்சா பரிசம் அன்னையோட முடிஞ்சுது."

அவள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. கொழுந்து லாரி போகிற வேகத்தில் தோட்டத்துக் கதை போகும். அடுத்த மாதமே அத்தை பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டாள். அத்தை நல்லவள். என்னைத் தூக்கி வளர்த்தவள்தான். ஆனால் அவளுக்கு மானம் என்பது வாசலில் காயப்போட்ட வெள்ளைத் துணி, யார் போனாலும் கறைபட்டுவிடும் என்று காவல் இருப்பாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"ஏந் தம்பி, ஒம் மக சினிமாவுல ஆடுனாளாம். ஒரு வெள்ளைக்காரன் அவ கையப் புடிச்சானாம். எங்க தோட்டம் பூரா பேச்சு. கூத்தாடிச்சியையா எம் மகனுக்குக் கட்டுவேன்?"

அப்பாவுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. அதனால் தைரியமாகப் பேசினார். "எல்லாப் பொம்பளைங்களோடவும் நின்னா அக்கா. வேற ஒண்ணுமில்ல. அங்க ஆடுனவ ஒரு வெள்ளைக்காரி. நீ யாரு பேச்சக் கேட்டுட்டு வந்து நிக்கிற?"

அத்தை என்னைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, படம் ஹட்டனுக்கு வாறப்ப பாப்போம். எங் கண்ணால நான் பாக்கணும். அதுல இவ கையில எவன் கையாவது இருந்துச்சுன்னா எம் மகனுக்கு வேற எடம் பாத்துக்கிறேன்." சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதோடு என் கல்யாணம் ஒரு சினிமாப் படத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. ஒரு தீபாவளி போனது. இன்னொரு காமன் கூத்தும் போனது. படம் வரவில்லை. மலையில் பெண்கள் என்னைச் சீண்டுவார்கள். "என்னாடி, ஒம் படம் வந்துருச்சா? டிக்கட்டு எங்களுக்கு ஓசிதான?" நானும் ஏதாவது திருப்பிச் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் படம் தீப்பிடித்து எரிந்துபோக வேண்டும், கப்பலோடு முழுகிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அத்தான் இடையில் வரவில்லை. அத்தை விடவில்லை.

கடைசியில் வந்துவிட்டது. எங்கள் கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளிதான் சொல்லியனுப்பினார். "ஒங்கட தோட்டத்துல எடுத்த படம் ஹட்டனுக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கெழம பகல் ஆட்டத்துக்கு என்ட லொறியில எல்லாரும் வாங்க," என்றார். அவருக்கும் பார்க்க ஆசை. அவருடைய கடையையும் படம் பிடித்திருந்தார்கள்.

லாரி நிறைய நாங்கள். இந்த முறை யாரும் தடுக்க ஆள் இல்லை, எல்லாரும் பட்டுச் சேலைதான். தியேட்டர் வாசலில் அத்தையும் அத்தானும் நின்றார்கள். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நான் எந்தப் பக்கமும் ஓடிவிடக் கூடாது என்பதுபோல. அத்தான் அவளுக்கு அந்தப் பக்கம். அம்மா எனக்கு இந்தப் பக்கம்.

திரையில் எங்கள் மலை வந்ததும் தியேட்டர் இடிந்துவிடும்போல் சத்தம். அந்த வளைவு, அந்தச் சவுக்கு மரம், முதலாளியின் கடை, எல்லாம் எங்களுடையது. முதலாளி எழுந்து நின்று கை தட்டினார். அடுத்து அந்தக் கடைக்குள்ளிருந்து தொப்பி போட்ட ஒருவன் வந்தான். முதலாளி இல்லை. சாயம் பூசிய இன்னொரு வெள்ளைக்காரன். கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, துரைக்குக் குனிந்து குனிந்து சலாம் போட்டான். முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் கங்காணியும் சாயம் பூசிய ஆள்தான். பேச்சு வருகிற தமிழர்கள் எல்லாரும் சாயம்தான். பேசாதவர்கள் நாங்கள். படத்தில் எங்களுக்கு முதுகு இருந்தது, கூடை இருந்தது, கிழிந்த சேலை இருந்தது. முகம் வருகிறதா என்று ஒவ்வொருத்தியும் எக்கி எக்கிப் பார்த்தாள். "அந்தா நானு, அந்தா!" என்று ஒருத்தி கத்துவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஓர் இடத்தில் நாங்கள் எல்லாரும் மண்டிபோட்டுக் கும்பிட்டோம். எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வெறும் மரப்பெட்டியை வைத்து, அதைப் பார்த்துக் கும்பிடு என்று சொல்லியிருந்தார்கள். ஏதோ சாமி சிலையை அப்புறம் வைப்பார்கள் என்று நாங்களும் மனதாரக் கும்பிட்டோம், சில பேர் வேண்டுதல்கூட வைத்தார்கள். திரையில் அந்தப் பெட்டி இருந்த இடத்தில் படத்துத் துரை நின்றார். காலை அகட்டிக்கொண்டு, பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை நாங்கள் கும்பிட்டோம். என் பின்னால் இருந்த கிழவி ஒருத்தி, "ஐயோ, நான் இவனையா கும்புட்டேன்?" என்று வாய்விட்டுக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அது வந்தது. தேயிலைக்குள் ஒரு கை. திரை முழுக்க அந்தக் கை மட்டும். கொழுந்தைக் கிள்ளுகிற வேகத்தைப் பார்த்ததும் என் வலது கை மடியில் தானாக அசைந்தது. அப்படியே அதன் மேல் அந்தப் பெரிய செம்பட்டை மயிர்க் கை வந்து விழுந்தது. விரல்களை இறுக்கியது. அம்மா மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் முடியவில்லை.

மறு வினாடி அந்தக் கைக்கு மேலே அந்த நடிகையின் முகம் வந்தது. வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். துரையை ஏறிட்டுப் பார்த்தாள். என் கை அவளுடைய தோளில் முளைத்ததுபோல் பொருந்தியிருந்தது. எங்கே அவள் முடிகிறாள், எங்கே நான் ஆரம்பிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் அவள் துரையைக் காப்பாற்றப்போய்ச் செத்தாள். துரை ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். விளக்குப் போட்டார்கள்.

வெளியே வந்தோம். ஹட்டனில் எப்போதும்போல் மழைத் தூறல். தியேட்டர் வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றோம். எங்கள் பெண்கள் பட்டுச் சேலையோடு செத்த வீட்டிலிருந்து வருகிறவர்கள்போல் இருந்தார்கள். அத்தையின் முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"தம்பி, நாந்தான் ஊரு பேச்சக் கேட்டு வீணா பயந்துட்டேன். நம்ம புள்ள நகங்கூட அதுல தெரியல. அந்தத் தொர புடிச்சது அந்த வெள்ளைக்காரி கையத்தான? அவ எவன் கையப் புடிச்சா நமக்கென்னா?" என்றாள். பிறகு ரசித்துச் சொன்னாள். "ஆனா என்னா லட்சணமான கை தம்பி அது! நெறமும் வெரலும்! நம்ம புள்ளைங்களுக்கெல்லாம் அப்பிடி ஏது?"

என் கல்யாணம் பிழைத்துவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது. இத்தனை நாளாக வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளே ஏதோ கொதித்துப் பொங்கிவிட்டது. முகத்தை எடுத்தார்கள், குரலை எடுத்தார்கள், சாமியைக்கூட எடுத்தார்கள். மிச்சம் இருந்தது இந்த ஒரு கை. அதையும் என் அத்தையே எடுத்து அந்த நடிகையிடம் கொடுக்கிறாள்.

"அது என் கை, அத்தை."

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை.

"அது என் கைதான். சாயம் பூசி எடுத்தாங்க. அந்தாளு புடிச்சது என் கையத்தான்."

அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் என் வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்களைப் பார்த்தாள். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் போகத் தயாராக நின்றேன்.

"இந்தக் கையா?" என்றாள். வெடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "அடி கழுத, ஆசையப் பாரு ஒனக்கு! இந்தக் கையக் கொண்டுபோயா சீமைக்காரன் தெரையில காட்டுனான்?"

அப்பாவுக்குப் போன உயிர் வந்தது. அவரும் சிரித்தார். ஒதுங்கி நின்ற எங்கள் தோட்டத்துப் பெண்களில் சிலரும் சிரித்தார்கள். சாயம் பூசியதை அன்றைக்குத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். என்னைக் காப்பாற்றத்தான் சிரித்தார்களோ, திரையைப் பார்த்த பிறகு அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டதோ, எனக்குத் தெரியாது.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்று நெஞ்சு பதறியது. கல்யாணம் போனால் போகட்டும், ஓர் ஆளாவது நம்பட்டும் என்று அந்த நிமிஷத்தில் முழு மனதோடு ஆசைப்பட்டேன்.

"சும்மா வெளையாடாத புள்ள," என்றார் அவர், அன்பாகத்தான். "அது ஒன்னோட கை மாதிரியா இருந்துச்சு?"

வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை அந்த வாசலிலேயே நாள் சொல்லிவிட்டாள். நான் சொன்னது உண்மை. அந்த உண்மைக்கு என் கல்யாணம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.